ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியின் தாங்கு வலைகள்

ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய மாதிரியைத் தாங்கி நிற்கும் சிறிய உலோக வட்டு, தாங்கு வலை எனப்படும். ஆய்வகங்களில் இதைக் 'கிரிட்' என்றே சொல்கிறார்கள். பள்ளி நுண்ணோக்கியில் வெங்காயத் தோலை வைக்கும் கண்ணாடி ஸ்லைடு செய்யும் வேலையை இங்கே இந்த வலை செய்கிறது. ஆனால் ஒளி கண்ணாடியைக் கடந்துவிடும். எலக்ட்ரான் கற்றையால் அது முடியாது. 300 கிலோவோல்ட்டில் முடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள்கூட ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடிக்குள் நின்றுபோகும். ஆகவே மாதிரியை 100 நானோமீட்டருக்கும் குறைவான தடிமனில் சீவி, துளைகள் நிறைந்த வலையின் மேல் விரிக்கிறார்கள். கற்றை துளைகளின் வழியே செல்லும். கம்பிகள் இருக்கும் இடம் கறுப்பாகத் தெரியும்.

வலையின் விட்டம் 3.05 மில்லிமீட்டர். கடுகைவிடப் பெரிது, மிளகைவிடச் சிறிது. தடிமன் 10 முதல் 25 மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். நுண்ணோக்கியின் மாதிரிப் பிடிப்பான்கள் இந்த விட்டத்துக்கே செய்யப்படுவதால், எந்த நிறுவனத்தின் வலையை வாங்கினாலும் அளவு மாறுவதில்லை. மாறுபவை மூன்று: துளையின் அளவு, துளைமேல் உள்ள படலம், வலை செய்யப்பட்ட உலோகம்.

துளைகளும் படலமும்

மாவுச் சல்லடைக்குச் சொல்வதுபோல் இதற்கும் 'மெஷ்' எண் உண்டு. ஓர் அங்குல நீளத்தில் எத்தனை துளைகள் என்பதே அந்த எண். 200 மெஷ் வலையில் 25.4 மில்லிமீட்டரை 200 ஆல் வகுத்தால், ஒரு துளையும் ஒரு கம்பியும் சேர்ந்து 127 மைக்ரோமீட்டர். 400 மெஷ் என்றால் 63.5 மைக்ரோமீட்டர். எண் கூடக் கூட மாதிரிக்குத் தாங்கல் அதிகம், பார்க்கக் கிடைக்கும் பரப்பு குறைவு. அடுத்தடுத்துச் சீவிய திசுத் துண்டுகளை வரிசையாகப் பார்ப்பவர்களுக்கு நடுவில் வரும் கம்பியே பகை. அவர்கள் 2 மில்லிமீட்டர் நீளமும் 1 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒற்றைத் துளை வலையைத் தேர்வார்கள்.

அவ்வளவு பெரிய துளையில் மெல்லிய துண்டு தானாக நிற்காது; அடியில் ஒரு படலம் வேண்டும். நானோ துகள்கள், வைரசுகள் போன்றவற்றுக்கு எந்த மெஷ் எண்ணிலும் படலம் கட்டாயம் தேவை, இல்லாவிட்டால் அவை துளைவழியே போய்விடும். ஃபார்ம்வார் என்னும் பிளாஸ்டிக் படலம் நெகிழ்வானது, எளிதில் கிழியாது; ஆனால் கற்றையின் சூட்டில் அசையும், குளோரோஃபார்மில் கரையும். குளோரோஃபார்மில் மிதக்கும் துகள்களை அதன்மேல் சொட்டவிட்டால் துகளோடு படலமும் போய்விடும். அதற்குத் தனிக் கார்பன் படலமே பொருத்தம். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், கற்றையைத் தாங்கும், ஆனால் நொறுங்கக்கூடியது. இரண்டின் நல்ல குணமும் வேண்டுமென்று ஃபார்ம்வார்மேல் கார்பனைப் பூசுவதும் உண்டு. ஆராயும் பொருளே கிராஃபீன் போன்ற கார்பன் என்றால், கார்பன் படலத்தின்மேல் அது கண்ணுக்குத் தெளிவாகப் பிரிந்து தெரியாது. அப்போது ஓட்டைகள் உள்ள சரிகைப் படலத்தை எடுத்து, ஓட்டையின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைப் பார்க்க வேண்டும்.

புதிதல்லாத கார்பன் படலத்தில் நீர்த்துளி தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டு நிற்கும், பரவாது. பயன்படுத்துவதற்குச் சற்று முன் குறை அழுத்தக் காற்றில் மின்னிறக்கம் செய்தால் படலம் நீரை ஏற்கும். இந்தக் குணம் நெடுநேரம் நிற்காது என்பதால் உடனே மாதிரியை இட்டுவிட வேண்டும்.

எந்த உலோகம்?

பெரும்பாலான வேலைக்குச் செம்பு போதும். விலை குறைவு, வெப்பத்தையும் மின்சாரத்தையும் நன்கு கடத்தும், காந்தத்தன்மை இல்லை. மாணவர்களும் கையில் கிடைத்த செம்பு வலையையே எடுத்துவிடுகிறார்கள். படம் மட்டும் போதுமென்றால் அதில் தவறில்லை. மாதிரியில் என்னென்ன தனிமங்கள் உள்ளன என்று எக்ஸ் கதிர் நிறமாலையால் அறிய முற்படும்போதுதான் சிக்கல் வருகிறது.

கற்றையைத் துளையின் நடுவில் நிறுத்தினாலும், மாதிரியில் பட்டுச் சிதறும் எலக்ட்ரான்களும் அங்கே உண்டாகும் எக்ஸ் கதிர்களும் சுற்றியுள்ள கம்பிகளைத் தாக்கும். செம்பு தன் எக்ஸ் கதிரை உமிழும். நிறமாலையில் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகே ஓங்கி நிற்கும் உச்சி அதுதான். வில்சன் நோயில் கல்லீரலில் செம்பு சேர்கிறது. அந்தத் திசுவைச் செம்பு வலையில் வைத்துச் செம்பைத் தேடினால், காண்பது நோயாளியின் செம்பா வலையின் செம்பா என்று எவராலும் சொல்ல முடியாது. செம்பு கலந்த வினையூக்கிகளுக்கும் இதே கதிதான்.

சரி, வேறு உலோகத்துக்கு மாறலாம் என்றால் அங்கும் கணக்குப் பார்க்க வேண்டும். மாலிப்டினத்தின் ஓர் உச்சி 2.29 இல் வரும். கந்தகத்தின் உச்சி 2.31. கருவி இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. ஆகவே மாலிப்டினம் சல்ஃபைடு முதலிய கந்தகச் சேர்மங்களுக்கு மாலிப்டினம் வலை ஆகாது. தங்கத்தின் ஓர் உச்சி 2.12, பாஸ்பரஸுக்கு 2.01. எலும்பைப் பார்ப்பவர்கள் இதை மறக்கக்கூடாது. பிடிப்பானிலும் செம்பு கலந்த உலோகம் இருக்கலாம் என்பதால், வலையை மாற்றிய பிறகும் சிறிய செம்பு உச்சி எஞ்சலாம். பெரிலியத்தால் ஆன பிடிப்பான்கள் இதற்காகவே உள்ளன.

நிக்கலுக்கு ஒரு தனி இடம் உண்டு. நோய் எதிர்ப்பொருளோடு தங்கத் துகளை இணைத்துப் புரதங்களை அடையாளமிடும் முறையில், வலை நெடுநேரம் உப்புக் கரைசலில் கிடக்கும். செம்பு அதில் அரிக்கப்படும், நிக்கல் தாங்கும். ஆனால் நிக்கல் காந்தப் பொருள். காந்தமேறிய எஃகு இடுக்கியில் ஒட்டிக்கொண்டு விழ மறுக்கும். நுண்ணோக்கியின் காந்த வில்லைக்குள்ளும் படத்தைச் சற்றுக் கோணலாக்கும். காந்தமேறாத இடுக்கி வைத்திருப்பது நல்லது. உயிருள்ள செல்களை வலைமேலேயே வளர்க்க வேண்டுமானால் தங்கம்தான் வழி, செம்பு அவற்றுக்கு நஞ்சு.

உறைநிலை நுண்ணோக்கியில் தங்கம் வேறொரு காரணத்தாலும் மதிப்புப் பெற்றது. இம்முறையில் புரதக் கரைசலைச் சுமார் ஒரு மைக்ரோமீட்டர் துளைகள் உள்ள படலத்தில் பரப்பித் திரவ ஈத்தேனில் நொடியில் உறையவைப்பார்கள். குளிரும்போது செம்பு கார்பனைவிட அதிகமாகச் சுருங்குவதால் கார்பன் படலம் சுருக்கம் விழும். கற்றை பட்டதும் பனிப்படலம் அசைந்து படம் மங்கும். கேம்பிரிட்ஜில் உள்ள மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் கிறிஸ்டோபர் ரூசோ, லோரி பாஸ்மோர் இருவரும் 2014 இல் வலை, படலம் இரண்டையும் தங்கத்தாலேயே செய்து இந்த அசைவைப் பெரிதும் குறைத்துக் காட்டினார்கள். விலை அதிகம்தான்.

எந்த வலையை எடுத்தாலும், தனிமப் பகுப்பாய்வு செய்பவர்கள் அதே பெட்டியிலிருந்து மாதிரி இடாத வெற்று வலை ஒன்றுக்கும் நிறமாலை எடுத்து அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிட வேலை அது.