மகளின் தட்டையும் பாருங்கள்

"அவன் வளருகிற பெடியன், இன்னும் கொஞ்சம் போடு" என்று சொல்வது எமது வீடுகளில் வழமை. மகளுக்கு அப்படிச் சொல்பவர்கள் குறைவு. போருக்குப் பின் தாயே தனித்துக் குடும்பத்தைச் சுமக்கும் வீடுகளில், மீன்துண்டை எண்ணிப் பங்கிடும்போது தாயும் மகளும் மிஞ்சியதை உண்பதும் பழக்கமாகிவிட்டது. ஆனால் கட்டிளமைப் பருவத்தில் பிள்ளைகளின் உடல் கேட்பது வேறு.

ஆண்பிள்ளைகளுக்குத் தசை கூடுதலாக வளர்வதால் அதிக அளவு உணவு தேவை என்பது உண்மையே. இரும்புச்சத்தோ பெண்பிள்ளைக்குத்தான் கூடுதலாக வேண்டும். 14 முதல் 18 வயது வரை ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராம், பெண்பிள்ளைக்கு 15 மில்லிகிராம் என 2001இல் அமெரிக்க மருத்துவ நிறுவகம் வகுத்தது. மாதவிடாயில் இழக்கும் குருதியை ஈடுசெய்யவே இந்த வேறுபாடு.

பிள்ளை சாமத்தியப்பட்டதும் உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுக்கிறோம். நல்ல வழக்கம். ஆனால் சில நாட்களில் அது நின்றுவிடுகிறது. குருதியிழப்போ மாதாமாதம் தொடர்கிறது. களைப்பு, மூச்சு வாங்குதல், படிப்பில் கவனமின்மை என்பன குருதிச்சோகையின் அறிகுறிகளாக இருக்கலாம். அதைச் "சோம்பல்" என்று ஏசாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். நாளை அவள் கர்ப்பிணியாகும்போது குருதிச்சோகை இருந்தால் குழந்தை நிறை குறைந்து பிறக்கும் ஆபத்தும் உண்டு.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. நெத்தலி, கீரை, முருங்கையிலை, பயறு, கௌபி ஆகியவற்றை அடிக்கடி சமையுங்கள். அவற்றுடன் தேசிக்காய்ப் புளியோ கொய்யாப்பழமோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்கு உறிஞ்சப்படும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அது குறையும். ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிக்கட்டும்.

இப்பருவத்தில் பெண்பிள்ளையின் இடுப்பிலும் மார்பிலும் கொழுப்புச் சேர்வது இயற்கை. "கொழுத்துப் போனாய்" என்ற கேலியால் காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கும் பிள்ளைகள் உண்டு. நிறை பற்றிய சந்தேகம் இருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். வளரும் பிள்ளையின் நிறையை வயது, பால், உயரம் ஆகியவற்றோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஓடியாடுவதும் அவசியம். நாளுக்கு 60 நிமிடங்களாவது உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, உலகில் 11 முதல் 17 வயது வரையான ஆண்பிள்ளைகளில் 78 சதவீதத்தினருக்கும் பெண்பிள்ளைகளில் 85 சதவீதத்தினருக்கும் அது போதியளவு கிடைக்கவில்லை. போர்க்காலத்தில் அச்சத்தினால் பெண்பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருந்தோம். அந்தப் பழக்கம் இன்னும் முற்றாக விடவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் 2009இலும் 2018இலும் ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் விளையாடியவர். மைதானம் எமது பிள்ளைகளுக்கும் உரியது.

சகோதரிகளே, மகனின் பங்கைக் குறைக்க வேண்டாம். மகளையும் அவனோடு ஒரே நேரத்தில் இருத்திப் பரிமாறுங்கள். நீங்களும் கூடவே உட்காருங்கள். இரும்புச்சத்து உங்களுக்கும் வேண்டும்.