ரயில் தொழிலாளரும் ராஷ்டிரபதியும்

ராயபுரம் ரயிலடியைப் பார்த்திராத நேயர்கள் ஒரு முறை அவசியம் போய்வர வேண்டும். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி புறப்பட்டது அங்கிருந்துதான். அதன் நெடிய தூண்களைக் கண்டு வியப்பவர்கள், தலைமுறை தலைமுறையாக அந்த இருப்புப் பாதையில் உழைத்தவர்களையும் சற்று நினைத்துக்கொள்வது நலம்.

அமெரிக்காவில் ஜனாதிபதி பதவிக்கு நிற்பவர் அத்தகைய உழைப்பாளிகளிடம் நேரிலேயே வோட்டுக் கேட்டாக வேண்டும். 1946-இல் வேலை நிறுத்தம் செய்த ரயில்வேக்காரர்களைப் பட்டாளத்தில் சேர்த்துவிடுவதாக மிரட்டிய ட்ரூமன், 1948-இல் ரயிலேறி ஊர் ஊராகச் சென்று ஆதரவு கேட்டார், வெற்றியும் பெற்றார். நம் தேசத்திலோ ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பார்லிமெண்டு, சட்டசபை அங்கத்தினர்களே. ராயபுரத்துப் பாயிண்ட்ஸ்மேனுக்கு அதில் வோட்டு இல்லை.

ஆயினும், 1969-இல் சுயேச்சையாக நின்ற வி. வி. கிரி, தொழிலாளரிடையே தம் பொதுவாழ்வை வளர்த்தவர். அகில இந்திய ரயில்வேத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியவர்களில் ஒருவர். 1937-இல் ராஜாஜி மந்திரிசபையில் தொழில் இலாகாவை வகித்தவர். பாங்கு ஊழியர்களுக்குக் கிடைத்த தீர்ப்பைச் சர்க்கார் மாற்றியபோது, 1954-இல் மத்திய மந்திரி பதவியையே உதறியவர். ஆகஸ்டு 16-ஆம் தேதி வோட்டெடுப்பு நடந்தது. தமிழ்நாட்டில் தி. மு. கழகம் அவரை ஆதரித்தது. இரண்டாவது விருப்ப வோட்டுகளையும் எண்ணிய பிறகே, சஞ்சீவ ரெட்டியைத் தோற்கடித்துக் கிரி வென்றார். "நம்மவர் ஒருவர் ராஷ்டிரபதி பவனத்தில்!" என்று ரயில்வேத் தொழிலாளி பெருமை கொள்ள நியாயம் இருந்தது.

ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 1974 மே 8-ஆம் தேதி, போனஸும் எட்டு மணி நேர வேலையும் கோரி ரயில்வேத் தொழிலாளர் தேசமெங்கும் வேலை நிறுத்தம் தொடங்கினர். அதை நடத்திய ஜார்ஜ் பெர்னாண்டஸ், கிரி வளர்த்த அதே சம்மேளனத்தின் தலைவர். அவர் முன்கூட்டியே சிறை புகுந்தார். ஆயிரமாயிரம் தொழிலாளரும் கைதாயினர். குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. மே 27-இல் வேலை நிறுத்தம் முடிந்தது, கோரிக்கைகள் கைகூடவில்லை. ஜூலையில், சம்பள உயர்வு முழுவதையும் பஞ்சப்படி உயர்வில் பாதியையும் கட்டாய டெபாஸிட்டாகப் பிடிக்கும் அவசரச் சட்டம் பிறந்தது. அதைப் பிறப்பித்த ஜனாதிபதி கிரியேதான்!

அவரைத் தூற்றுவது எளிது. மந்திரிகளின் யோசனைப்படி நடப்பதே ஜனாதிபதியின் கடமை என்கிறது நம் அரசியல் சட்டம். மந்திரியாயிருந்தபோது ராஜினாமாச் செய்தவர், ஜனாதிபதியானபின் அவ்வழியை மேற்கொள்ளவில்லை. அது சரியா, தவறா என்பதை நேயர்களே தீர்மானிக்கட்டும்.

ஒன்று மட்டும் நிச்சயம். ஆதரவு நாடி வருபவர் நம்மவரா என்று பார்த்தால் மாத்திரம் போதாது. அவர் அமரப்போகும் ஆசனம் அவரை என்ன செய்ய விடும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதைக் கேளாமற்போனதன் பலன், மாதக் கடைசியில் சம்பளக் கவரைப் பிரித்தபோது ரயில்வேக் குடும்பங்களுக்குத் தெரிந்தது.