கொங்குப் பிராட்டி கண்ட திருவடி

அஹங்காரம் கழிதல் என்றவுடன் 'நான்' என்னும் உணர்வே அழிந்துபோவதாகச் சிலர் கொள்வதுண்டு. எம்பெருமானார் தரிசனத்தில் அது பொருளன்று. ஸ்ரீபாஷ்யத்தின் ஜிஜ்ஞாஸாதிகரணத்தில், 'நான்' என்னும் சொல்லின் பொருள் ஆத்மாவே என்று உடையவர் நிலைநாட்டுகிறார். ஆழ்ந்து உறங்கி எழுந்தவன், தான் சுகமாக உறங்கியதாக நினைவுகூர்கிறான். உறக்கத்தில் ஊர், குலம், செல்வம் பற்றிய எண்ணம் அவனுக்கு இல்லை. ஆயினும் 'நான்' இருந்தது. நானல்லாத தேகத்தை நானாக்குவதே அஹங்காரம் என்று அச்சொல்லின் இலக்கணம் கொண்டே அவர் விளக்குகிறார். ஆகவே கழிய வேண்டியவை 'நான்' மேல் ஏறிய தேகாபிமானமும், அதைப் பற்றி வளரும் மமகாரமுமே. திருவாய்மொழி முதற்பத்தின் இரண்டாம் திருவாய்மொழியில் ஆழ்வார் விடச் சொல்வதும் இவ்விரண்டையே.

இவை கழிந்த பார்வை எத்தகையது என்பதற்குக் குருபரம்பராப்ரபாவம் கூறும் கொங்குப் பிராட்டியின் வரலாறு ஏற்ற உதாரணமாகும்.

கொங்குநாட்டில் மழை பொய்த்தபோது அவள் கணவனுடன் திருவரங்கம் வந்து தங்கினாள். மாதுகரத்துக்கு எழுந்தருளும் எம்பெருமானாரைப் பெரியோர் பலரும் ஸேவிப்பதைக் கண்டு, பிச்சை ஏற்பவரை அவர்கள் வணங்குவானேன் என்று அவரிடமே கேட்டாள். பகவத் விஷயமாகச் சில வார்த்தை சொல்லுவதால் என்று அவர் அருளிச்செய்ய, அதைத் தனக்கும் சொல்ல வேண்டி, த்வயத்தைப் பெற்றாள். ஊர் திரும்பும் சமயத்தில் அது மறந்துபோயிற்று என்று ஒளியாமல் விண்ணப்பித்து மீண்டும் கேட்டுக்கொண்டாள். அவருடைய பாதுகைகளையும் பெற்றுச் சென்றாள்.

பின்பு சோழனால் நேர்ந்த இடரில் உடையவர் வெள்ளை சாத்தி மேல்நாட்டுக்கு எழுந்தருளுகையில், நீலகிரிச் சாரலைக் கடந்து அவள் இல்லத்தை அடைந்தார். உடன்வந்த ஸ்ரீவைஷ்ணவர்கள் அங்கே அமுது செய்யத் தயங்கினர். அப்போது அவள் எடுத்துரைத்தது தன் குலத்தையன்று. எம்பெருமானாரோடு தனக்குள்ள ஸம்பந்தத்தையே. தளிகை முடித்து, உள்ளே அப்பாதுகைகளை ஆராதித்து அவள் த்வயானுஸந்தானம் செய்ததும் தெரியவந்தது. இவர்களுள் எம்பெருமானார் உளரோ பார் என்றபோது, ஒவ்வொருவர் திருவடியாகப் பார்த்து வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். திருவடிகள் அவருடையவை போலிருக்கின்றன, காஷாயம் காணவில்லையே என்றாள்.

இங்கே இரண்டு காட்சிகள் உள. திருவரங்கத்தில் முதலில் அவள் கண்டது பிச்சையையும் வணங்குவோரின் பெருமையையும். அது உலகின் அளவுகோல். கொங்குநாட்டிலோ உலகம் அடையாளம் கொள்ளும் காஷாயம் இல்லாதபோதும் அவள் திருவடியை அறிந்தாள். இடையில் வந்தது த்வயமும் பாதுகாராதனமும். 'நான்' அவளிடம் அழியவில்லை. அவருடைய அடியாள் என்னும் அளவில் அது நின்றது. சேஷத்வம் என்று ஆசாரியர்கள் கூறும் ஸ்வரூபம் அதுவே.

த்வயத்தின் பிற்பகுதியிலுள்ள நமஸ்ஸு கைங்கரியத்தில் களையறுப்பது என்றும், தனக்கென்று செய்வதே அக்களை என்றும் பிள்ளை லோகாசாரியர் முமுக்ஷுப்படியில் அருளிச்செய்தார். களையெடுப்பவன் பயிரைப் பிடுங்குவதில்லை. ஒருமுறை எடுத்த களை மீண்டும் முளைக்காமலும் இராது. 'அஹங்காரம் ஒழிந்தவன் நான்' என்னும் எண்ணமும் கைங்கரியத்தின் நடுவே முளைக்கும் களையே. அதைக் கண்டவர், மந்திரம் மறந்துபோயிற்று என்று சொல்லக் கூசாத அப்பிராட்டியைப்போல், மறுபடியும் ஆசாரியனிடம் சென்று கேட்டுக்கொள்ளலாம்.