முகர் நரம்பணுக்களும் புலத்தூண்டல் இழப்பும்

புலத்தூண்டல் இழப்பு என்பது ஒரு புலனுறுப்புக்கு வெளியிலிருந்து வரவேண்டிய தூண்டல் நெடுங்காலம் கிட்டாமற் போகும் நிலை ஆகும். கண்ணை மூடிவைப்பதால் பார்வைக்கும், நாசித்துளையை அடைப்பதால் முகர்தலுக்கும் இவ்விழப்பு நேரும். மணம் எட்டாதபோது மூக்கிலுள்ள முகர் நரம்பணுக்கள் செத்துவிடுகின்றனவா, அல்லது காத்திருக்கின்றனவா என்பது நரம்பியலில் ஒரு முக்கியமான கேள்வி. மணவுணர்வை இழந்த ஒருவருக்கு அது மீளுமா என்பதும் ஓரளவு இதற்கான விடையைப் பொறுத்தது.

முகர் நரம்பணுக்களின் இயல்பு

நாசியறையின் மேற்பகுதியில் முகர் மேலணி இழையம் என்னும் மெல்லிய படலம் உள்ளது. முகர் நரம்பணுக்கள் இப்படலத்தில் அமைந்துள்ளன. இவற்றின் ஒரு முனையிலுள்ள நுண்மயிர்கள் சளிப்படலத்துள் நீண்டிருக்கும். மறுமுனையிலிருந்து புறப்படும் நரம்பிழை, சல்லடை போல் துளைகளுள்ள எலும்புத் தகட்டின் வழியே மேலே சென்று மூளையின் முகர் குமிழை அடைகிறது. ஒவ்வொரு நரம்பணுவும் பொதுவாக ஒரே ஒரு வகை மண ஏற்பியை மட்டுமே தாங்கியிருக்கும். ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்டு ஆக்செல் ஆகியோர் 1991-இல் கண்டறிந்தனர். இதற்காக 2004-இல் அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. செயற்படும் ஏற்பி மரபணுக்கள் சுண்டெலியில் 1000-க்கும் மேல் உள்ளன. மாந்தரில் ஏறத்தாழ 400 உள்ளன.

மூளையின் பெரும்பாலான நரம்பணுக்கள் அழிந்தால் மீண்டும் பிறப்பதில்லை. முகர் நரம்பணுக்கள் இதற்கு விலக்கானவை. வெளிக்காற்று, தூசி, நோய்க்கிருமிகள் ஆகியவற்றுக்கு நேரடியாக முகங்கொடுப்பதால் இவை அடிக்கடி அழிகின்றன. படலத்தின் அடித்தள உயிரணுக்கள் பிரிந்து, வாழ்நாள் முழுவதும் புதியவற்றை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே மணம் தடைபடும்போது பிறப்பு, ஆயுள், கூருணர்வு ஆகிய மூன்றில் எது மாறுகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டியுள்ளது.

நாசித்துளை அடைப்புச் சோதனை

இத்துறையின் முதன்மையான ஆய்வுமுறை எளிமையானது. எலி அல்லது சுண்டெலியின் ஒரு நாசித்துளையை மட்டும் அடைத்துவிடுவர். அதே விலங்கின் திறந்த பக்கம் ஒப்பீட்டுக்குப் பயன்படும். இதில் ஒரு குறை உண்டு. மூச்சுக்காற்று முழுவதும் திறந்த துளை வழியாகவே செல்வதால் அப்பக்கம் வழக்கத்தைவிட மிகுதியான காற்றையும் தூசியையும் பெறுகிறது. எனவே அதனை இயல்பான பக்கம் எனக் கொள்ள இயலாது. அடைத்த பக்கத்துக்கும் தொண்டை வழியே பின்புறமிருந்து சிறிது மணம் எட்டக்கூடும். பழைய முடிவுகள் சிலவற்றைப் படிக்கும்போது இதனை நினைவிற்கொள்வது நல்லது.

கண்டறியப்பட்டவை

டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் ஆகியோர் பூனைக்குட்டியின் ஒரு கண்ணைத் தைத்து மூடியபோது, பெருமூளைப் புறணியின் உயிரணுக்கள் அக்கண்ணுக்குத் துலங்குவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டன. மூக்கிலும் அவ்வாறே உணர்வு மங்கும் என எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் மூக்கு வேறுவிதமாக நடந்துகொள்கிறது.

அடைத்த பக்கத்தில் அடித்தள உயிரணுக்கள் பிரியும் வேகம் குறைவதை 1988-இல் எலிக்குட்டிகளில் கண்டனர். அதேவேளை, எஞ்சியுள்ள நரம்பணுக்கள் மணத்துக்குக் காட்டும் மின்துலங்கல் குறையவில்லை, கூடியது என 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. தனித்தனி நரம்பணுக்களை அளந்த 2012-ஆம் ஆண்டு ஆய்வும் கூருணர்வு உயர்வதையே கண்டது. முகர் குமிழுக்குச் செய்தி கடத்தும் நரம்பிணைப்புகளும் வலுப்பெறுகின்றன. வரும் தூண்டல் குறையும்போது நரம்பணு தன் செவியைத் தீட்டிக்கொள்கிறது எனலாம். மூக்கைப் பற்றிப் பேசுமிடத்தில் இது சற்றுப் பொருந்தா உவமைதான்.

ஆயுளைப் பொறுத்தவரை 2012-இல் சாண்டோரோ, டியூலாக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. எச்2பிஈ என்னும் ஹிஸ்டோன் புரதம் தூண்டப்படாத முகர் நரம்பணுக்களில் மிகுதியாகச் சேர்கிறது. இப்புரதம் கூடினால் நரம்பணுவின் ஆயுள் குறைகிறது. மரபணுவை நீக்கினால் ஆயுள் நீள்கிறது. இதனால் பயன்படும் ஏற்பி வகைகள் காலப்போக்கில் பெருகவும், பயன்படாதவை சிறுபான்மையாகவும் நேர்கிறது.

இதில் போட்டியும் உண்டு. மணத்தை மின்குறிப்பாக மாற்றும் அயனி வாயிலின் மரபணு எக்ஸ் நிறப்புரியில் உள்ளது. பெண் சுண்டெலிகளில் சில நரம்பணுக்களில் மட்டும் அவ்வாயில் பழுதுறுமாறு செய்தபோது, பழுதுற்றவை மெல்ல மறைந்தன. நாசித்துளையை அடைத்த பக்கத்திலோ அவை மறையாமல் நிலைத்தன (2001). ஆகவே அவற்றை அழித்தது செயலின்மை மட்டுமன்று. அண்டை நரம்பணுக்கள் செயற்படும்போது தாம் வாளாவிருந்ததே.

முகர் குமிழில் விளைவு இன்னும் தெளிவாகத் தெரியும். பிறந்தவுடன் துளை அடைக்கப்பட்ட எலியில், ஏறத்தாழ 30 நாட்களில் அப்பக்கக் குமிழ் சுமார் 25% சிறுத்துவிடுகிறது. டோப்பமினை உண்டாக்கத் தேவையான டைரோசின் ஐதராக்சிலேசு நொதியும் பெரிதும் குறைகிறது. துளையை மீண்டும் திறந்தால் இந்நொதி மீள்கிறது.

மாந்தரில்

மாந்தரில் இத்தகைய நெடிய சோதனைகள் செய்ய இயலாது. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் தன்னார்வலர்கள் 7 நாட்கள் மணம் இன்றி வைக்கப்பட்டனர். மூளையின் முன்புறணியில் மணங்கள் பதியும் பாங்கு மாறியது. மணம் மீண்டும் கிட்டியதும் பழைய நிலை திரும்பியது.

புற்றுநோயால் குரல்வளை முழுவதும் நீக்கப்பட்டவர்கள் கழுத்திலுள்ள துளை வழியே மூச்சு விடுகின்றனர். மூக்கில் காற்றோட்டம் இல்லாததால் இவர்களில் பெரும்பாலோர் மணவுணர்வை இழக்கின்றனர். உணவின் சுவை குன்றுவதுடன், எரிவளிக் கசிவையும் இவர்களால் அறிய இயலாது. 2000-ஆம் ஆண்டில் நெதர்லாந்து மருத்துவர்கள் இதற்கு ஒரு பயிற்சியை வெளியிட்டனர். உதடுகளை மூடியவாறே கொட்டாவி விடுவதுபோல் தாடையையும் நாக்கையும் கீழிறக்கினால், வாயினுள் அழுத்தம் குறைந்து மூக்கு வழியே காற்று உள்ளிழுக்கப்படும். இவ்வாறு பலருக்கு மணவுணர்வு மீண்டது. அவர்களுள் அறுவை முடிந்து ஆண்டுகள் பல கடந்தவர்களும் இருந்தனர்.

கிருமித்தொற்றால் நேரும் மணமிழப்பு இதனின்று வேறானது. 2020 முதல் பரவலாக அறியப்பட்ட கோவிட்-19 மணமிழப்பில், முகர் நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் துணை உயிரணுக்களே முதன்மையாகத் தாக்கப்படுகின்றன. தொற்றுக்குப் பின் மணமிழந்தோருக்கு ரோசா, யூக்கலிப்டசு, எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு மணங்களை நாளுக்கு இருமுறை முகரச்செய்யும் பயிற்சி 2009-இல் செருமனியில் முன்வைக்கப்பட்டது. 12 வாரப் பயிற்சிக்குப் பின் பயன் அளவிடப்பட்டது. எல்லோருக்கும் பயன் கிட்டுவதில்லை.