முருங்கைக் கீரையும் ஒரு மூடி எலுமிச்சையும்

எதிர் வீட்டு அக்காவின் வாசலில் நல்ல முருங்கை மரம் ஒன்று நிற்கிறது. வாரத்தில் இரண்டு நாள் அவர் வீட்டில் கீரைப் பொரியல்தான். ஆனாலும் மாடிப்படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கியது. அரிசி களையும்போது ஒரு பிடி பச்சரிசியை எடுத்து மெல்லாமல் இருக்க முடியவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 9 என்று வந்தது.

"கீரையெல்லாம் சாப்பிடுறேனே சிஸ்டர்" என்றார் அக்கா.

"சாப்பிட்டதும் டீ குடிப்பீங்களாக்கா?" என்று கேட்டார் செவிலியர்.

குடிப்பார். கை கழுவிய ஈரம் காய்வதற்குள் குடிப்பார். நம்மில் பலருக்கும் அதுதான் வழக்கம். முருங்கைக் கீரை நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நல்லது உடம்பில் சேர என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

கீரையில் என்ன இருக்கிறது?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச்சத்து அட்டவணையின்படி, 100 கிராம் பச்சை முருங்கைக் கீரையில் சுமார் 4.5 மில்லிகிராம் இரும்பும், 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்தும், 100 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி-யும் இருக்கின்றன. சுண்ணாம்புச் சத்தில் அதே அளவு பாலை இது மிஞ்சுகிறது. கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ-யாக உடம்பு மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டினும் நிறைய உண்டு.

இனி கணக்கைப் பார்ப்போம். ஒருவர் தட்டில் விழும் பொரியலுக்கு 50 கிராம் பச்சைக் கீரை என்று வைத்துக்கொண்டால், கிடைக்கும் இரும்பு 2.3 மில்லிகிராம்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பெண்களுக்குப் பரிந்துரைத்த அளவோ நாளுக்கு 29 மில்லிகிராம். ஆக, கீரை மட்டும் அந்தத் தேவையை நிரப்பாது. கேழ்வரகு, பருப்பு, சுண்டல், வழக்கமிருந்தால் மீன், ஈரல் என்று நாள் முழுக்கச் சாப்பிடுகிற பலவற்றோடு சேர்ந்துதான் அது உதவுகிறது.

இரும்பைப் பிடித்து வைப்பதும் விடுவிப்பதும்

கீரை, தானியம், பருப்பு ஆகியவற்றில் உள்ள இரும்பைக் குடல் எளிதில் உறிஞ்சுவதில்லை. உள்ளே போவதில் சிறு பங்குதான் ரத்தத்தில் சேர்கிறது. அந்தப் பங்கு கூடுவதும் குறைவதும் கூடவே என்ன சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

டீயிலும் காபியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்போடு ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்டிய இரும்பு உறிஞ்சப்படாமல் வெளியேறிவிடும். சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு டம்ளர் டீ, உறிஞ்சப்படும் இரும்பைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடக்கூடும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடித்தால் இந்த இழப்பு குறையும்.

வைட்டமின் சி இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது. இரும்பைக் கரையும் நிலையிலேயே வைத்துக் குடலுக்குள் அனுப்புகிறது. கீரையிலேயே வைட்டமின் சி இருந்தாலும் அடுப்புச் சூட்டில் பெரும்பகுதி அழிந்துவிடும். அதனால் கீரையை அடுப்பிலிருந்து இறக்கியபின் ஒரு மூடி எலுமிச்சை பிழியுங்கள். எலுமிச்சை இல்லாத நாளில் ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ சாப்பாட்டோடு இருக்கட்டும்.

ஆய்வதும் வதக்குவதும்

முருங்கைக் கீரையைப் பலர் தவிர்ப்பதே அதை ஆயும் வேலைக்குப் பயந்துதான். என் அம்மா மாலையில் ஒடித்த கொத்துகளை ஒரு பருத்தித் துணியில் சுற்றி வைத்துவிடுவார். காலையில் துணியை விரித்துக் காம்பைப் பிடித்து உதறினால் இலைகள் பொலபொலவென்று கொட்டும். தங்கிவிட்ட பழுப்பு இலையையும் ஈர்க்குகளையும் பொறுக்கினால் போதும். இரவு முழுக்க வைப்பதில் வைட்டமின் சி கொஞ்சம் குறையும்தான். அதை ஈடுகட்டவும் எலுமிச்சை இருக்கிறது.

கீரையை முதலில் அலசிவிட்டு வேகவையுங்கள். வேகவைத்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம். ரசத்திலோ சாம்பாரிலோ சேர்த்துவிடலாம். நம் வழக்கப்படி தேங்காய்த் துருவல் தூவி, கொஞ்சம் எண்ணெயில் வதக்குவது சுவைக்கு மட்டுமான ஏற்பாடாகத் தோன்றலாம். ஆனால் பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாக ஏறும். கேழ்வரகு அடையில் கீரையைப் பிசைந்து சுடுவதும் நல்ல சேர்க்கை. முளைகட்டிய கேழ்வரகு மாவு என்றால் இன்னும் நல்லது. முளைக்கும்போது, இரும்பைத் தடுக்கும் ஃபைடேட் குறைகிறது.

பொடியும் மாத்திரையும்

கடைகளில் விற்கும் முருங்கைப் பொடி டப்பாக்களில் "பசலைக் கீரையைவிடப் பல மடங்கு இரும்பு" என்று அச்சிட்டிருப்பார்கள். காய்ந்த பொடியைப் பச்சைக் கீரையோடு ஒப்பிட்டு வரும் கணக்கு அது. பச்சை இலையில் முக்கால் பங்கு தண்ணீர். அதை வற்றவைத்தால் எடைக்கு எடை சத்து கூடுதலாகத் தெரிவதில் அதிசயமில்லை. ஒரு தேக்கரண்டிப் பொடி என்பது ஏறக்குறைய 12 கிராம் பச்சைக் கீரைக்குச் சமம். மரம் இல்லாத ஊரில் பொடி கைகொடுக்கும். வீட்டில் செய்வதானால் நிழலில் உலர்த்துங்கள். நேர் வெயில் கரோட்டினைக் கெடுக்கும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

உணவாகச் சாப்பிடும் கீரை பெரும்பாலோருக்குத் தீங்கு செய்யாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே அந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். சிறுநீரக நோயாளிகள் பொட்டாசியம் காரணமாக மருத்துவரைக் கேட்டுச் சாப்பிட வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் செறிவூட்டிய முருங்கை மாத்திரைகளைத் தாங்களாகத் தொடங்க வேண்டாம். வேரையும் பட்டையையும் கஷாயம் வைத்துக் குடிப்பதை எல்லோருமே தவிர்ப்பது நல்லது. கர்ப்பிணிகள் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

கீரையால் ஆகாதது

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2019-21-இல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருந்தது. களைப்பு, மூச்சு வாங்குதல், கீழ் இமையின் உட்புறம் வெளுத்திருத்தல், பச்சரிசி, சாம்பல், மண் தின்னும் ஆசை இவையெல்லாம் அதன் அடையாளங்கள். மாதவிடாயில் அதிகம் ரத்தம் போவது, கொக்கிப்புழு, பி12 குறைவு என்று காரணம் வேறாகவும் இருக்கலாம். அதைக் கீரை சரிசெய்யாது. கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழும் கர்ப்பிணிகளுக்கு 11-க்குக் கீழும் இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசு சுகாதார நிலையங்களில் பரிசோதனையும் இரும்புச் சத்து மாத்திரையும் இலவசம். மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் உடம்பின் சேமிப்பு நிரம்பச் சில மாதங்கள் தொடர வேண்டியிருக்கும்.

எதிர் வீட்டு அக்காவும் மாத்திரையைத்தான் நம்பி எடுத்துக்கொண்டார். கூடவே டீயை நாலு மணிக்குத் தள்ளிவைத்தார். இப்போது மதியம் அவர் வீட்டுப் பக்கம் போனால் வதக்கிய கீரை வாசத்தோடு எலுமிச்சை வாசமும் வருகிறது. அரிசி களையும்போது கை வாய்ப் பக்கம் போவதே இல்லை என்று போன வாரம் அவரே சொன்னார்.