அசலைத் தொடும் சிக்கனம்

கடன்பட்ட குடும்பங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள், அவர்கள் வரவுக்கு மிஞ்சிச் செலவழித்தார்கள் என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவது வழக்கமாயினும், அக்குடும்பங்களின் கணக்கை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு நியாயமாகத் தோன்றாது. தகப்பனாரின் இருதய சிகிச்சைக்காகவும், பெண்ணின் கல்யாணத்துக்காகவும், பையனின் கல்லூரிக் கட்டணத்துக்காகவும், மழை பொய்த்த ஆண்டில் விதைக்காகவும் வாங்கிய பணமே பெரும்பாலும் அங்கே கடனாக நிற்கிறது. வாங்கிய பிறகும் அவர்கள் ஆடம்பரமாக வாழ்வதில்லை. புதுத்துணியைத் தள்ளிப்போட்டும், காய்கறியில் மலிவானதைப் பார்த்து வாங்கியும், வருஷம் முழுவதும் தங்களை ஒடுக்கிக்கொண்டுதான் ஜீவிக்கிறார்கள். அப்படியிருந்தும் ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால், கடன் வாங்கிய நாளில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவே இருக்கிறது. இவ்வளவு சிக்கனமும் எங்கே போயிற்று என்று கேட்டால், மிச்சம் பிடித்த காசு ஒருநாளும் அசலைச் சென்று தொடவில்லை என்பதே விடை.

வட்டி மட்டும் கட்டிக்கொண்டு காலந்தள்ளுவது நம் நாட்டுக் குடும்பங்களின் பழைய நோய். சென்னை மாகாணத்துக் குடியானவர்களின் கடன் நிலையை ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன், 1895-லும் 1897-லும் வெளியிட்ட அறிக்கையில், ஜெர்மானிய நாட்டில் ரைபைசன் என்பவர் நிறுவிய கிராமக் கடன் சங்கங்களைப்போல இங்கும் தோன்ற வேண்டும் என்று வற்புறுத்தினார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில் திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூரில் கிராமக் கடன் சங்கமும், சென்னைத் திருவல்லிக்கேணியில், வீட்டுச் சாமான்களை நியாய விலைக்கு வாங்கி விநியோகிக்கும் நகரக் கூட்டுறவுச் சங்கமும் தோன்றின. ஒன்று வட்டியைக் குறைக்கவும், மற்றொன்று செலவைக் குறைக்கவும் எழுந்தன. கடன் தீர இவ்விரண்டும் சேர்ந்தே நடைபெற வேண்டும் என்பதை அந்த ஓர் ஆண்டின் வரலாறே நமக்கு உணர்த்துகிறது. பின்னர் 1938-இல் ராஜாஜியின் மந்திரிசபை கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், பழைய கடன்களின்மேல் 1937 அக்டோபர் முதல் தேதி வரை நிலுவையில் நின்ற வட்டியைத் தள்ளி அசலை மட்டும் நிறுத்தியது. குடியானவனை அமிழ்த்துவது அசலைவிட வட்டியே என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட செயல் அது.

ஆகவே, கடனைத் தீர்க்க விரும்பும் குடும்பம் முதலில் செய்ய வேண்டிய காரியம், செலவைக் குறைப்பதற்கும் முன்னதாக, ஒரு நோட்டை எடுத்து எல்லாக் கடன்களையும் எழுதுவதாகும். யாரிடம், எவ்வளவு, எந்த வட்டிக்கு, எதன்பேரில் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். நம் ஊர்களில் வட்டியை நூறு ரூபாய்க்கு மாதம் இவ்வளவு என்று சொல்லும் பழக்கம் இருப்பதால், அதன் கொடுமை சட்டென்று கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ‘இரண்டு வட்டி’ என்றால் வருஷத்துக்கு 24 சதவிகிதம். ‘மூன்று வட்டி’ என்றால் 36. ‘ஐந்து வட்டி’ என்றால் 60. தண்டல்காரர் 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 1,500 ரூபாயைப் பிடித்தம் செய்து 8,500 கொடுத்து, நாளொன்றுக்கு 100 வீதம் நூறு நாளில் வசூலிக்கும்போது, கொடுத்ததில் பாதியளவே சராசரியாக நம் கையில் இருந்திருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், வருஷ வட்டி நூறு சதவிகிதத்தைத் தாண்டிவிடுகிறது. கிரெடிட் கார்டின் பாக்கிக்கு மாதம் மூன்று முதல் மூன்றே முக்கால் சதவிகிதம் வரை வட்டி விதிப்பது சாதாரணம்; குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர், பாக்கி தீரும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது என்பதை அறிவதில்லை.

இந்தத் தத்துவம் நடைமுறையில் எப்படிப் பலிக்கிறது என்பதை ஒரு கற்பனைக் குடும்பத்தின் கணக்கால் விளக்குவோம். அக்குடும்பத்துக்குக் கார்டு பாக்கி 30,000 ரூபாய், மாதம் மூன்றரை சதவிகித வட்டி; புரோநோட்டின்பேரில் வாங்கியது ஒரு லட்சம், மூன்று வட்டி; நகையை அடகு வைத்து வாங்கியது ஒரு லட்சம், ஒரு வட்டி; மைத்துனரிடம் வாங்கிய கைமாற்று 50,000, வட்டி இல்லை. ஆக மொத்தம் 2,80,000 ரூபாய்க் கடனுக்கு மாதவட்டி 5,050 ரூபாய். வட்டியை மட்டும் தவறாமல் கட்டிவந்தால் நாற்பது மாதங்களில் 2,02,000 ரூபாய் கையைவிட்டுப் போயிருக்கும். கடனோ ஒரு ரூபாய்கூடக் குறையாமல் நிற்கும்.

இப்போது, அதே குடும்பம் வீட்டுச் செலவில் மாதம் 4,000 ரூபாய் மிச்சப்படுத்தி, வட்டியுடன் சேர்த்து 9,050 ரூபாயைக் கடனுக்கென்றே ஒதுக்கி, வட்டி அதிகமான கடனின் அசலில் முதலில் செலுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழாவது மாதத்தில் கார்டு பாக்கி தீர்ந்துவிடுகிறது. அதற்குப் போய்க்கொண்டிருந்த தொகை முழுவதும் புரோநோட்டுக்குத் திரும்புவதால், இருபத்துமூன்றாம் மாதத்தில் அதுவும் தீர்கிறது. முப்பத்தைந்தாம் மாதத்தில் நகை வீடு திரும்புகிறது. நாற்பதாம் மாதத்தில் மைத்துனரின் பணமும் அடைபட்டுவிடுகிறது. மொத்த வட்டி ஏறக்குறைய 80,000 ரூபாயோடு நின்றுவிட்டது. வருமானம் ஒரு காசும் உயராமலே, மூன்று வருஷம் நான்கு மாதத்தில் குடும்பம் விடுதலை பெறுகிறது. ஆரம்பத்தில் மாதம் 4,000 வீதம் குறைந்த அசல், கடைசிக் கட்டத்தில் மாதம் 9,000 வீதம் குறைவதைக் கவனிக்க வேண்டும். ஒரு கடன் தீர்ந்ததும் அதற்குக் கொடுத்துவந்த பணத்தை வீட்டுச் செலவில் கலக்கவிடாமல் அடுத்த கடனுக்குத் திருப்பிய வைராக்கியமே அதற்குக் காரணம்.

அக்குடும்பத்திடம் இன்னும் அடகு வைக்காத நகை இருந்து, அதைக் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வைத்து, மூன்று வட்டிக் கடனை அன்றே அடைத்துவிட்டால், 3,000 ரூபாய் வட்டி 1,000 ஆகக் குறைந்து, மாதம் 2,000 ரூபாய் எந்தப் பிரயாசையுமின்றி அசலுக்குக் கிடைக்கும். ஆனால் அடகு வைத்துப் பெற்ற பணம் வழியில் வேறு செலவுக்குத் திரும்பாமல் நேரே கடன்காரரிடம் போய்ச் சேர வேண்டும். நகை இல்லாத வீட்டுப் பெண்களுக்கு, சுய உதவிக் குழுவின் உள்கடன் ஒரு கௌரவமான வழி. 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய இக்குழுக்கள், தண்டலின் பிடியிலிருந்து எண்ணற்ற குடும்பங்களை மீட்டிருக்கின்றன. தனியாரிடம் வாங்கியவர்களுக்கு ஒரு சங்கடம் நேர்வதுண்டு. “அசலை மொத்தமாகக் கொடுத்தால்தான் வாங்குவேன்” என்று சிலர் சொல்வார்கள். அவ்விதமாயின், மாதாமாதம் மிச்சமாகும் தொகையை வங்கியில் தொடர் வைப்பாகப் போட்டுச் சேர்த்து, மொத்தமாகக் கொடுக்கலாம். பகுதியாக வாங்கிக்கொள்ள இசைபவரிடம், ஒவ்வொரு முறையும் புரோநோட்டின் பின்புறத்தில் தேதியிட்டு வரவு எழுதிக் கையெழுத்து வாங்குவது அவசியம். வட்டியில்லாத கைமாற்றைக் கடைசியில் வைப்பது கணக்குக்குச் சரியே. ஆனால் கொடுத்தவரிடம் நேரில் சென்று, இன்ன மாதத்தில் தருகிறோம் என்று சொல்லிவைப்பது தர்மம்.

அந்த 4,000 ரூபாய் எங்கிருந்து வரும் என்பதே இல்லத்தரசிகளின் நியாயமான கேள்வி. ஒரே இனத்தில் அவ்வளவு மிச்சமாவதில்லை. பத்து இனங்களில் நானூறு நானூறாகச் சேர்கிறது. ஒரு மாதம் முழுவதும் எதையும் குறைக்காமல் செலவை எழுதி மட்டும் வைத்தால், எங்கே கசிகிறது என்பது தானாகவே தெரியும். மின்சாரத்தை எடுத்துக்கொண்டால், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கும் கணக்கில் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமில்லை. 500 யூனிட்டைத் தாண்டிவிட்டாலோ, கீழே உள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் உயர்ந்த விகிதம் விழுகிறது. 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறிக்குப் பதிலாக 30 வாட் அளவில் ஓடும் புதிய வகை விசிறி, தினம் பதினைந்து மணி நேரம் ஓடும் வீட்டில், அந்த இரண்டு மாதத்தில் சுமார் 40 யூனிட்டை மிச்சப்படுத்தும். ரேஷன் கடையில் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்கும், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைப்பதை, வரிசையில் நிற்பதற்குக் கூச்சப்பட்டு விட்டுவிடுவது விவேகமாகாது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், வேலைக்குச் செல்லும் பெண்ணின் ஷேர் ஆட்டோ செலவைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் வருஷம் முழுவதும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அதே மூலப்பொருள் அடங்கிய மருந்தை மக்கள் மருந்தகத்திலோ, 2025-இல் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ வாங்கினால், அச்செலவு வெகுவாகக் குறையும். கைப்பேசியில் ஆர்டர் செய்து வரவழைக்கும் பிரியாணியும், பார்க்காமலே மாதச் சந்தா கட்டும் சினிமாச் செயலிகளும், தவணையில் வாங்கத் தூண்டும் விளம்பரங்களும் தனித்தனியே அற்பமாகத் தோன்றினும், கூட்டிப் பார்க்கையில் ஒரு கடனின் மாதவட்டிக்குச் சமமாகின்றன.

விசேஷச் செலவுகளைப் பற்றித் தைரியமாகப் பேசியாக வேண்டும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா என்று வரும் சுபகாரியங்களை நிறுத்தச் சொல்வது மனிதத்தன்மையாகாது. உறவினர் கூடுவதும் வாழ்த்துவதும் வாழ்க்கையின் சாரம். ஆனால் அந்தச் சாரம் மண்டபத்தின் வாடகையிலோ பிளக்ஸ் பேனரின் நீளத்திலோ இல்லை. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களில் ஆடி மாதத்தில் நடைபெறும் மொய் விருந்துகளில், ஊரே கூடி எழுதும் மொய்ப்பணம், வட்டியில்லாத கடனாகக் குடும்பங்களைத் தாங்கியிருக்கிறது. அந்தப் பரஸ்பர உதவி மேன்மையானது. எனினும் மொய் நோட்டில் உள்ள ஒவ்வொரு வரியும் திருப்பிச் செய்ய வேண்டிய கடமையாதலால், கடன் நோட்டில் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குவது நேர்மை.

குறைக்கக் கூடாதவையும் உண்டு. சிக்கனம் என்ற பெயரில் வீட்டுப் பெண்கள் கடைசியில் உட்கார்ந்து மிஞ்சியதைச் சாப்பிடுவதையும், குழந்தையின் பாலும் முட்டையும் நின்றுபோவதையும், பெண்பிள்ளையின் படிப்பு முதலில் நிறுத்தப்படுவதையும் எந்தக் கணக்கும் நியாயப்படுத்தாது. இரும்புச் சத்துக் குறைந்த தாயின் உடம்பும், தள்ளிப்போட்ட வைத்தியமும் நாளைக்கு இன்னும் பெரிய கடனாகவே திரும்பி வரும். முதல்வரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குத் தகுதியுள்ளவர்கள் நோய் வருமுன்னரே அட்டையைப் பெற்றுவைப்பதும், கடன் அடைபடும் காலத்திலேயே ஒரு மாதச் செலவுக்கான சிறு தொகையைத் தொடாமல் வைத்திருப்பதும், மறுபடி தண்டல்காரரைத் தேடிப்போகாமல் காக்கும். சுமையும் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். புருஷனின் சிகரெட்டும் மதுவும் கணக்குக்கு வெளியே நிற்க, மனைவியின் மளிகைப் பட்டியல் மட்டும் குறைக்கப்படும் வீட்டில் கடன் தீர்ந்த வரலாறு கிடையாது. ஆகையால், மனைவிக்குத் தெரியாத கடனும் கணவனுக்குத் தெரியாத அடகும் அந்த நோட்டில் ஏறிய பிறகே சிக்கனம் உண்மையில் தொடங்குகிறது.

கட்ட முடியாத வட்டியால் மிரட்டப்படுகிறவர்கள் மௌனமாகத் துன்புற வேண்டியதில்லை. 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம், கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, தண்டல் முதலியவற்றைப் பெயர் சொல்லித் தடுத்து, மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. காவல் நிலையத்திலும் கலெக்டர் அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம். வக்கீல் வைக்க வசதியற்றவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். அவமானத்துக்கு அஞ்சி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருவருக்கு வருமாயின், அந்தக் கடனைப் பற்றி அன்றே நான்கு பேரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். எந்தத் தொகையும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

கடைசித் தவணை கட்டிய அன்று புரோநோட்டையும் அடமானப் பத்திரத்தையும் தவறாமல் திரும்பப் பெறுவதும், வங்கியிடம் பாக்கியில்லை என்ற சான்றிதழை எழுதி வாங்குவதும் கடமை. அதற்கடுத்த மாதம் அக்குடும்பத்தின் கையில் 9,050 ரூபாய் மிஞ்சும். நாற்பது மாதம் அதில்லாமல் வாழப் பழகிய குடும்பம், பாதியைத் தனக்காகச் செலவிட்டு மகிழ்ந்து, மறுபாதியைச் சேமிப்பில் போட்டுவருமாயின், அடுத்த கல்யாணமோ வைத்தியமோ வரும்போது கடன்காரரின் வாசலுக்குப் போக வேண்டியிராது. அசலைக் குறைக்கக் கற்றுக்கொண்ட அதே ஒழுங்கு, இனி முதலைச் சேர்க்கும். கஷ்டப்பட்டு வந்த அந்தப் பழக்கத்தைக் கடனோடு கைவிட்டுவிடாமல் காப்பாற்றுவதே மீண்ட குடும்பம் தன் பிள்ளைகளுக்குச் செய்யக்கூடிய உபகாரம்.