நூல் வாங்கப் போகிறவர் யார்?

சங்கத்தில் விற்பனை குறைந்துவிட்டால் நிர்வாகக் குழு உடனே கூடுகிறது. தள்ளுபடியை உயர்த்தலாமா, புதுக்கரை போடலாமா என்று இரவு வரை ஆலோசனை நடக்கிறது. நூல் வாங்கி வந்தவர் யார், நூலைப்பற்றி அவர் அறிந்தது என்ன என்று கேட்போர் மிகச் சிலர். தறிக்கு ஏறுமுன்பே, கொள்முதலின்போதே கெட்டுவிட்ட சரக்கை விற்பனையாளர் என்ன செய்து விற்பார்?

நாம் ஆய்வுக்குச் சென்ற சங்கங்கள் சிலவற்றில் இவ்வேலைக்கு ஆள் அமர்த்தும் விதம் விந்தையானது. கணக்கு எழுதுவார், வெளியூர் போக அலுப்புப்படமாட்டார், குழுவினருள் ஒருவருக்கு வேண்டியவர். இவ்வளவு போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அதன் பலனை அனுபவிப்பவர் தறியில் அமர்ந்திருக்கும் அங்கத்தினர்.

40-ம் நம்பர் நூல் என்றால், 840 கஜம் கொண்ட சிட்டம் 40 சேர்ந்து ஒரு பவுண்டு எடை நிற்க வேண்டும். 36-ம் நம்பர் நூலை 40 என்று சீட்டு ஒட்டிக் கொடுத்தால், அதே எடையில் நீளம் நூற்றுக்குப் பத்து குறையும். சங்கம் நெசவாளருக்கு நூலைக் கொடுப்பது எடைக் கணக்கில். துணியைத் திரும்பப் பெறுவது கஜக் கணக்கில். நூறு கஜம் வரவேண்டிய நூலில் தொண்ணூறுதான் வருகிறது. மீதிப் பத்து எங்கே என்ற கேள்வி நூலாலையை நோக்கி எழுவதில்லை. நெசவாளரை நோக்கி எழுகிறது. நூலை ஒளித்தவர் என்ற பெயரும் அவருக்கு வந்து சேர்கிறது. இத்தகைய பிராது ஒன்றை விசாரிக்க நேர்ந்தபோது, நூற்கட்டுகளைப் பிரித்து நிறுத்துப் பார்த்த பிறகே அந்த மனிதரின் மானம் பிழைத்தது.

ஆகவே, ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது கேள்விகளை நூலிடமே விட்டுவிடலாம். சீட்டைக் கிழித்துவிட்ட மூன்று சிட்டங்களையும் ஒரு நுண்தராசையும் மேசைமேல் வையுங்கள். 120 கஜம் அளந்து நிறுக்கச் சொல்லுங்கள். 40-ம் நம்பராயின் ஏறக்குறைய 1.62 கிராம் இருக்கும். 36 ஆயின் 1.80. பின்னர் இழையை விரலில் உருட்டி முறுக்கையும் முடிச்சையும் பற்றிக் கூறச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் வந்த சிப்பத்துக்கும் கோடையில் வந்த சிப்பத்துக்கும் எடையில் ஏன் வேற்றுமை என்று கேளுங்கள். பருத்தி நூலில் 8.5 சதவிகித ஈரமே வணிகத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு என்பதை அறிந்தவர், தண்ணீரை நூல் விலைக்கு வாங்கமாட்டார். பட்டம் பெற்ற நாமே சொல்கிறோம்: இச்சோதனையில் பாவு ஓட்டிப் பழகியவர் பட்டதாரியை எளிதில் வென்றுவிடுவார். ஆள் சேர்ப்பு விதிகளை மீறச் சொல்லவில்லை. இருக்கும் ஊழியருள் எவரைக் கொள்முதலுக்கு அனுப்புவது என்பதையேனும் இவ்வாறு தீர்மானிக்கலாமே.

இங்கிலாந்தில் 1863-ம் ஆண்டு பதிவான கூட்டுறவு மொத்த வியாபாரச் சங்கம், 1866-லேயே அயர்லாந்திலுள்ள டிப்பெரரியில் வெண்ணெய் வாங்கத் தன் சொந்த நிலையத்தை அமைத்தது. 1876-ல் நியூயார்க்கிலும் 1881-ல் கோபன்ஹேகனிலும் அதன் நிலையங்கள் எழுந்தன. சரக்கு விளையும் இடத்திலேயே தன் ஆட்கள் நின்று வாங்க வேண்டும் என்பது அதன் கொள்கை. நம் சங்கங்களுக்கு அத்தனை நிலையங்கள் வேண்டியதில்லை, மூவர் போதும். விலை பேசுபவர் ஒருவர், கிடங்கில் நிறுத்து ஏற்பவர் ஒருவர், பட்டியலைச் சரிபார்த்துப் பணம் கொடுப்பவர் ஒருவர். மூன்றையும் ஒருவரே செய்யும் சங்கத்தில் அவர் எவ்வளவு நாணயஸ்தராயினும் ஐயம் நீங்காது; அது அவருக்கும் நல்லதன்று.

பயிரிடுவோர் சங்கங்களிலும் நிலை இதுவே. நெல் கொள்முதலில் 17 சதவிகித ஈரம் என்பது வரம்பு. கருவியைச் சரியாக வைக்கத் தெரியாதவர் கையில், நன்கு காய்ந்த நெல்லும் களத்துக்கே திரும்புகிறது.

திறமையானவர் அதிகச் சம்பளம் கேட்பாரே என்று குழுவினர் தயங்குவதை அறிவோம். மாதம் 1,000 கிலோ நூல் வாங்கும் சங்கத்தில் நூற்றுக்குப் பத்து நீளம் குறைந்தால் 100 கிலோ நூல் போனதற்குச் சமம். அந்த 100 கிலோவின் விலையை இம்மாதப் பட்டியலில் பார்த்து, அவர் கேட்கும் சம்பளத்தின் பக்கத்தில் எழுதி, அடுத்த குழுக் கூட்டத்தில் வைக்கட்டும்.